பாங்கோ வாங்கப் போனால் சின்னதைத் தட்டுங்கள்

பாங்கோ என்பது சின்னதும் பெரியதுமாக இரண்டு கைமேளங்களைச் சேர்த்துக் கட்டிய ஜோடி. அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பெரியதைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். 'டொம்' என்று வயிறு வரைக்கும் இறங்கியது, வார்னிஷ் வேறு முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சின்னதைப் பேருக்கு இரண்டு தட்டு தட்டியதோடு சரி. ஒரு வாரம் கழித்து, கொஞ்சம் சுருதி ஏற்றலாமே என்று சின்னதில் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால், மூன்றாவது சுற்றில் தோலை இழுத்துப் பிடிக்கும் ஒரு கொக்கிக் கம்பி வாயைப் பிளந்துகொண்டு தோலைச் சுற்றிய இரும்பு வளையத்திலிருந்து நழுவிவிட்டது. சுருதி இம்மியளவும் ஏறவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, நான் காசு கொடுத்து வாங்கியது வார்னிஷை.

இந்த ஜோடியில் சின்னதுக்கு 'மாச்சோ' என்று பெயர், பெரியதுக்கு 'எம்ப்ரா'. ஸ்பானிஷில் ஆண், பெண் என்று அர்த்தம். ஆண் சின்னது, பெண் பெரியது, குரல் உசத்திக் கத்துவது மட்டும் ஆண். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் சின்னதை இடப்பக்கம் வைத்துக்கொள்வார்கள். பாங்கோவில் முதலில் கற்றுக்கொடுக்கும் அடிப்படை நடைக்கு 'மார்ட்டியோ' என்று பெயர், சுத்தியல் என்று பொருள். எட்டு அடி கொண்ட ஒரு சுற்றில் ஏழு அடி சின்னதன் மேல்தான் விழும், ஏழாவது அடி ஒன்றுதான் பெரியதில் திறந்து ஒலிக்கும். அதாவது நீங்கள் வாசிக்கப் போகிற நேரத்தில் பெரும்பகுதி உங்கள் விரல் இருக்கப் போவது சின்னதில். அது சரியில்லாவிட்டால் பெரியது எவ்வளவு அழகாக முழங்கினாலும் வீண்தான்.

சின்னதன் சுருதி நன்றாக ஏற வேண்டும். 'டப்' என்று கேட்டால் போதாது, காய்ந்த மரத்தில் கொட்டாப்புளி விழுந்த மாதிரி 'டக்' என்று தெறிக்க வேண்டும். கியூபாவின் கிழக்குப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வாத்தியம் உருவானபோது தோலை ஆணியடித்துத்தான் பொருத்தினார்கள், சுருதி இறங்கினால் நெருப்பில் காட்டிச் சூடேற்ற வேண்டும். நட்டும் கம்பியும் பிற்பாடு வந்தவை. நெருப்பு செய்த வேலையை இப்போது செய்வது அந்த நாலைந்து கம்பிகள்தான், அதனால் நான் இப்போதெல்லாம் மரத்தைப் பார்ப்பதற்கு முன் இரும்பைப் பார்க்கிறேன். கம்பி தடிமனாக இருக்கிறதா, கொக்கி வளையத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, நட்டுக்கு மேலே இன்னும் எவ்வளவு மரை மிச்சம் இருக்கிறது, இந்த மூன்றும் முக்கியம். புதிதாக வாங்கும்போதே மரை முக்கால்வாசி தீர்ந்திருந்தால், அந்தத் தோல் மேற்கொண்டு இழுபட இடமே இல்லை.

வாங்குகிற இடத்திலேயே ஸ்பானரைக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவதில்லையா, இதுவும் மாட்டுத்தோல்தானே. ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று, கால் சுற்றாக, வட்டமாகப் போய் முறுக்குங்கள், ஒரே நட்டை இழுத்துப் பிடித்து முறுக்கினால் தோல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். முறுக்க முறுக்கச் சத்தம் படிப்படியாக மேலே போக வேண்டும். பாதியில் நின்றுபோய் இரும்பு மட்டும் 'கிறீச்' என்றால் அந்த ஜோடியை அங்கேயே வைத்துவிட்டு நன்றி சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில், ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, ஒரே விரலால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சுருதி வந்தால் நல்லது. எப்படி முறுக்கிச் சரி செய்தாலும் ஒரு இடம் மட்டும் மந்தமாகவே இருந்தால் அங்கே தோல் தடிமனாக இருக்கலாம், அல்லது மரத்தின் விளிம்பு சமமாக இல்லாமல் இருக்கலாம்.

தோலைப் பார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. பாங்கோவின் அடிப்பக்கம் திறந்துதான் இருக்கும், அதைக் கவிழ்த்து உள்ளே செல்போன் டார்ச்சை அடியுங்கள். பதனிடாத தோல் விளக்குக் கூண்டு மாதிரி மஞ்சளாக ஒளிரும். மெலிந்த இடம் பளிச்சென்று தெரியும், தடித்த இடம் இருண்டு நிற்கும், முதுகெலும்பு ஓடிய கோடு கூடச் சில தோல்களில் கண்ணுக்குத் தெரியும். அதே வெளிச்சத்தில் மரக்கூட்டின் உள்பக்கத்தையும் ஒரு நோட்டம் விட்டுவிடுங்கள், வெளியே வார்னிஷ் மறைத்த விரிசல் உள்ளே மறைந்திருக்காது. இரண்டையும் இணைக்கிற நடுக்கட்டை எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் அங்கேதான் தெரியும். தடித்த போல்ட்டும் அகலமான வாஷரும் இருந்தால் நிம்மதி. வெறும் மரத் திருகு என்றால், சின்னதைப் பிடித்துக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், பல் ஆடுவது போல ஆடினால் வேண்டாம்.

செயற்கைத் தோலா, மாட்டுத்தோலா என்பது முடிவில்லாத சண்டை. ஈரக்காற்றில் மாட்டுத்தோல் தொய்யும், வறண்ட காற்றில் இழுத்துக்கொள்ளும், வாசித்து முடித்ததும் சின்னதைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கச் சோம்பல்படாதவர்களுக்கு அது. செயற்கைத் தோலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, வெளியில் வாசிக்கிறவர்களுக்கு அதுவே வசதி. எனக்கு விரலுக்கு அடியில் அந்தச் சொரசொரப்பு வேண்டும், அதனால் மாட்டுத்தோல். அளவைப் பொறுத்தவரை, கச்சேரிக்கு வாசிக்கிறவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 7 அல்லது 7¼ அங்குலமும் 8½ அல்லது 8⅝ அங்குலமும் கொண்ட ஜோடி. 6-ம் 7-ம் உள்ள சின்ன ஜோடி குழந்தைகளுக்குச் சரி, பெரியவர் கைக்கு விரல் வைக்க இடம் பத்தாது.

மரமா, ஃபைபர் கிளாஸா? மரம் கொஞ்சம் கனிவு, ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் உரப்பு. இதற்கு மேல் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பிராண்ட் பெயரைச் சொல்லச் சொல்லி நச்சரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1962-இல் அமெரிக்கா கியூபாவோடு வணிகத்தை நிறுத்திய பிறகு அங்கிருந்து வாத்தியம் வருவது நின்றுபோனது, 1964-இல் நியூயார்க்கில் மார்ட்டின் கோஹன் என்ற பொறியாளர் தாமே செய்து விற்க ஆரம்பித்த நிறுவனம்தான் லேட்டின் பெர்கஷன். நல்ல பெயர்தான், ஆனால் நல்ல பெயர்கள் எல்லாமே மலிவு விலை வரிசையும் வைத்திருக்கின்றன. பெயர் ஒன்று, இரும்பு வேறு. எந்தப் பெயராக இருந்தாலும் டார்ச்சை அடித்துவிட்டுத்தான் பேச்சு.

கடைசியாக, உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே இடுக்கிப் பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். கம்பிகளின் கீழ்முனை தொடையில் குத்துகிறதா என்று அப்போதுதான் தெரியும். முறுக்கிய பிறகு வளையம் தோலுக்குக் கீழே இறங்கி நிற்கிறதா என்பதையும் உங்கள் விரலே சொல்லிவிடும், இறங்காவிட்டால் நாலாவது நிமிடத்தில் கணு சிவந்துவிடும்.

என் முதல் ஜோடியைப் பிரித்துவிட்டேன். பெரியது இன்னும் 'டொம்' என்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுபோயிருக்கிறான். சின்னதைக் கவிழ்த்து மேசை மேல் வைத்திருக்கிறேன், பேனா போட்டு வைக்க.