குளத்தடி வண்டலும் இழுக்காத வேக்குவமும்

டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் நாங்கள் வாங்கிய வீட்டின் கொல்லைப்புறத்தில், தரைக்கு மேல் நிறுத்திய வட்டமான நீச்சல் குளம் ஒன்று முன்பே இருந்தது. அதன் விட்டம் 18 அடி, சுவர் உயரம் 52 அங்குலம். சுவரின் மேற்பகுதியில் இருந்து மேல்மட்டத் தண்ணீரையும் குப்பையையும் உள்ளிழுக்கும் ஸ்கிம்மர் வாயின் பாதி வரை நிரப்பினால் ஏறத்தாழ 28,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மே 25க்கு முந்தைய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டித்தான் இந்தப் பக்கத்தில் பலரும் குளத்தைத் திறக்கிறார்கள். நாங்களும் அப்போதுதான் திறந்தோம். பாசியைக் குளோரினால் போக்கிய பிறகு, அடியில் படிந்த வண்டலை எடுப்பதற்காக ஜூன் முதல் வார இறுதியில், பம்பின் உறிஞ்சலால் இயங்கும் வேக்குவத்தை இறக்கினேன்.

சென்ற ஆண்டு இதே வேக்குவத் தலை தரையை அப்படியே கவ்விக்கொள்ளும். கோலைத் தள்ளுவதற்கே சற்றுப் பலம் வேண்டும். இம்முறை அது தரையின் மேல் மிதப்பதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. வண்டல் குழாய்க்குள் ஏறவில்லை. கிளம்பிப் புகைபோல் பரவி, கலங்கலாகி, அரை மணி நேரத்தில் திரும்ப அதே இடத்தில் படிந்தது. தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் வாயில் காற்றுக் குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தன. மணல் ஃபில்டரின் மேலிருக்கும் அழுத்தமானி 4 பிஎஸ்ஐ காட்டியது. மணல் சுத்தமாக இருக்கும்போது அது 11 காட்டும் என்று சென்ற ஆண்டே ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி ஃபில்டரின் மேல் ஒட்டியிருந்தேன்.

அந்த 4 என்ற எண்ணிலேயே பாதி விடை இருந்தது. அதை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை. உறிஞ்சல் குறைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று எண்ணி, மணலுக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கை வெளியேற்றும் பேக்வாஷை இரண்டு முறை செய்தேன். ஒரு மாலைப் பொழுதும் நிறையத் தண்ணீரும் செலவானதுதான் மிச்சம். தண்ணீர் போகும் வழியை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. வேக்குவத் தலையில் நுழையும் தண்ணீர் ஹோஸ் வழியாக ஸ்கிம்மருக்கு வந்து, அங்கிருந்து பம்பின் கூடைக்கும், அதன் பின்னால் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் போகிறது. அதுவரை உறிஞ்சும் பக்கம். இம்பெல்லர் அதை வெளியே தள்ளிய பிறகு மணலையும் திரும்பும் வாயையும் கடப்பது தள்ளும் பக்கம். மணல் அடைத்திருந்தால் பம்ப் தள்ளுகிற தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தமானி ஏற வேண்டும். வழக்கமான அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால்தான் பேக்வாஷ் தேவை. மாறாக, முள் இறங்கியிருக்கிறது என்றால் தள்ளுவதற்கே பம்பிடம் போதிய தண்ணீர் இல்லை என்று பொருள். ஆகவே குறை பம்பிலோ பம்புக்கு முன்னாலோதான் இருக்க வேண்டும்.

இதை உறுதிசெய்துகொள்ள மறுநாள் ஒரு சோதனை செய்தேன். பம்பை நிறுத்தி, தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைக் கழிவு நிலைக்குத் திருப்பினால் தண்ணீர் மணலைத் தொடாமல் நேரே வெளியேறும். (பம்ப் ஓடும்போது இந்த வால்வைத் திருப்பக் கூடாது; உள்ளே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.) கழிவுக் குழாயை 20 லிட்டர் வாளிக்குள் விட்டு, நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் கணக்கிட்டேன். வேக்குவம் பொருத்தியிருந்தபோது 19 விநாடி. அதைக் கழற்றிவிட்டு ஸ்கிம்மரை மட்டும் வைத்து ஓட்டியபோது 16 விநாடி. மணலே இல்லாத வழியிலும் ஓட்டம் இவ்வளவு மந்தம் என்பதால் ஃபில்டர் மேல் பழியில்லை. ஹோஸைக் கழற்றியும் பெரிதாக மாறவில்லை என்பதால், முதன்மையான குறை ஹோஸிலும் இல்லை. இரண்டு பேக்வாஷில் கிடைக்காத தெளிவு இந்த வாளியில் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

இருந்தாலும் அந்த 3 விநாடி வேறுபாட்டுக்காக ஹோஸையும் பார்த்தேன். அதை முழுவதும் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மறுமுனையில் ஊதியபோது, முனைக்குச் சற்று முன்னால் வெடிப்பிலிருந்து குமிழி கிளம்பியது. அந்தப் பகுதியை ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட்டு, முனைக் கவசத்தைத் திரும்பத் திருகினேன். ஹோஸுக்குள் தண்ணீரை நிரப்பும் முறையிலும் நான் அவசரப்பட்டிருந்தேன் என்பது அப்போது தெரிந்தது. ஒரு முனையில் வேக்குவத் தலையை மாட்டி அடியில் வைத்துவிட்டு, மறுமுனையைத் திரும்பும் வாயின் மேல் வைத்துப் பிடிக்க வேண்டும். தலையிலிருந்து குமிழி வருவது முற்றிலும் நிற்கும் வரை காத்திருந்து, பிறகு அந்த முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமலேயே ஸ்கிம்மருக்குள் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்தும் குமிழிகள் குறைந்தனவே தவிர நிற்கவில்லை.

அடுத்த திருப்பம் என் மாமனாரால் வந்தது. ஈரோட்டுப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் விளைவித்தவர். கோடைக்கு எங்களோடு தங்க வந்திருந்தார். பம்பின் அருகே சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, இது ஏர் எடுக்குதுங்க. தண்ணி முழுசா வந்தா இப்படிக் கரகரன்னு கத்தாது" என்றார். பம்பின் கண்ணாடி மூடியைப் பார்த்தால், கூடைக்கு மேலே பாதி வரைதான் தண்ணீர் நின்று நுரைத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டதும் நான் பார்த்ததும் ஒன்றுதான்.

ஊரில் கிணற்று மேட்டில் வைக்கும் பம்புசெட்டுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. பம்ப் தண்ணீரைக் கயிறுபோல் பிடித்து இழுப்பதில்லை. தனக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கிறது. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் 10 மீட்டருக்குச் சற்று மேல் வரைதான் இப்படி ஏற்ற முடியும். நடைமுறையில் 7 மீட்டரே கடினம். அதனால்தான் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள் திட்டு அமைத்து மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். உறிஞ்சு குழாயில் ஊசித்துளை இருந்தாலும் தண்ணீருக்குப் பதில் காற்று நுழைந்துவிடும். அந்தக் காலத்தில் அவர்கள் சாணியைக் கரைத்து ஊற்றுவார்களாம்; அது உள்ளே போய்க் கசிவை அடைத்துக்கொள்ள, மோட்டார் தண்ணீரை எடுத்துவிடும் என்றார்.

ஒரு வேறுபாடு உண்டு. கிணற்றில் பம்ப் தண்ணீருக்கு மேலே இருக்கிறது. எங்கள் குளத்தில் பம்ப் தரையில், நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இருக்கிறது. ஓடும்போது ஸ்கிம்மரிலும் ஹோஸிலும் ஏற்படும் உராய்வால் கூடைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுவதால், கசிவு வழியாகக் காற்று உள்ளே போகிறது. வெளியே ஈரமே தெரியாது. பம்பை நிறுத்திய கணத்தில், மேலே நிற்கும் தண்ணீரின் எடை அதே கசிவு வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளும். ஆகவே பம்பை நிறுத்தி, கீழ்ப்பகுதி முழுவதையும் துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த சிமெண்டுப் பலகையின் மேல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடையின் அடியிலிருக்கும் வடிகால் திருகிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து பம்பை வெடிக்கச் செய்யாமலிருக்க அந்தத் திருகை இலையுதிர் காலத்தில் கழற்றி வைப்பது வழக்கம். வசந்தத்தில் நான் திரும்பப் பொருத்தியபோது கசிவைத் தடுக்கும் அதன் சிறிய ரப்பர் வளையமான ஓ-ரிங் மடங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அதை மாற்றியதும் சொட்டு நின்றது, ஆனால் குமிழி முழுமையாக நிற்கவில்லை. உள்ளிருந்து தண்ணீர் தள்ளும்போது இறுக மூடிக்கொள்ளும் ஓ-ரிங், வெளியிலிருந்து காற்று அழுத்தும்போது வழிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட கசிவு நின்ற பம்பில் தெரியாது. ஆகவே பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் சவர நுரையைத் தடவினேன். மூடியின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் நுரை பள்ளமாகி உள்ளே போனது. அந்த ஓ-ரிங் தட்டையாகி, ஒரு பக்கம் நுண்ணிய வெடிப்புகளோடு இருந்தது. புதியதைப் போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினேன். இந்த இடத்தில் பலர் வாஸ்லினைத் தடவுகிறார்கள். அது பெட்ரோலியத்தில் செய்தது. ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடக்கூடியது என்பதால் தவிர்ப்பதே நல்லது.

மூடிக்குள் தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது, கரகரப்பு அடங்கியது, திரும்பும் வாயில் ஒரு குமிழி இல்லை. ஆனால் முள் 7இல் நின்றுவிட்டது. வாளி நிரம்ப 11 விநாடி ஆனது. காற்று போன பிறகும் ஓட்டம் குறைகிறது என்றால் வழியில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கூடைகளும் சுத்தமாக இருந்தன. மீதியிருந்தது இம்பெல்லர் ஒன்றுதான்.

பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டு, ஸ்கிம்மரின் அடித்துளையை ரப்பர் அடைப்பானால் மூடி, மல்டிபோர்ட் வால்வை மூடு நிலைக்குத் திருப்பினேன். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், இவற்றைச் செய்யாமல் மூடியைத் திறந்தால் குளத்துத் தண்ணீர் அதன் வழியாகக் கொல்லையில் பாயும். கூடையை எடுத்துவிட்டு, அதன் பின்னாலுள்ள துளைக்குள் வளைத்த கம்பியை விட்டு மெதுவாக இழுத்தபோது, மேப்பிள் விதைகளின் இறகுகள் நார்நாராக வந்தன. எங்கள் வேலியோரம் நிற்கும் வெள்ளி மேப்பிள் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் அவற்றைக் கொட்டுகிறது. கூடையை நான் சரியான திசையில் திருப்பி உட்காரவைக்காததால், தண்ணீர் நுழையும் பக்கத்தில் இடைவெளி விழுந்து, விதைகள் கூடைக்குள் போகாமல் ஓரமாக நழுவி இம்பெல்லரின் குறுகிய இடுக்குகளில் செருகிக்கொண்டிருக்கின்றன. உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தக் குப்பைதான் ஓட்டத்தில் பெரும்பங்கைத் தடுத்திருந்தது.

எல்லாவற்றையும் பூட்டி மீண்டும் ஓட்டினேன். முள் 11க்கு ஏறியது. வாளி 7 விநாடியில் நிரம்பியது. வேக்குவத்தை இறக்கியதும் தலை தரையைக் கவ்வியது, கோலைப் பிடித்திருந்த கை அதை உணர்ந்தது. அந்த மகிழ்ச்சியை எழுத்தில் முழுமையாகக் கொண்டுவர என்னால் முடியவில்லை. மாமனார் கரையில் நின்று "இப்பத்தான் தண்ணி எடுக்குதுங்க" என்றார்.

இரண்டு வாரம் கிடந்த வண்டல் மிக நுண்ணியதாக இருந்ததால், அதை மணல் வழியாக அனுப்பாமல் கழிவு நிலையிலேயே வெளியேற்றினேன். அதற்கு முன் நீர்மட்டத்தை ஸ்கிம்மர் வாயின் மேல்விளிம்பு வரை உயர்த்திக்கொண்டேன். கழிவில் ஓட்டும்போது மட்டம் வேகமாக இறங்கும், வாய்க்குக் கீழே போய்விட்டால் பம்ப் மீண்டும் காற்றை எடுக்கும். வேலை முடிந்தபோது மட்டம் 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அந்த விட்டத்துக்கு அது ஏறத்தாழ 1,200 லிட்டர். வேக்குவம் ஓடும்போது பிள்ளைகளைக் குளத்துக்குள் விடுவதில்லை என்பதை வீட்டில் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். கவ்வும் விசை திரும்பிவிட்ட ஹோஸின் வாய், கையையோ முடியையோ பிடித்தால் எளிதில் விடாது.

இப்போது ஸ்கிம்மர் கூடைக்கு மேல் நைலான் வலையுறை ஒன்றைப் போட்டிருக்கிறேன். மேப்பிள் விதைகள் அதில் தங்கிவிடுகின்றன, நாளுக்கு ஒருமுறை உதறினால் போதும். ஒட்டுத்தாளில் 11 என்ற எண்ணுக்குக் கீழே "வாளி 7 விநாடி" என்று சேர்த்து எழுதியாயிற்று. காலையில் பம்பைத் தொடங்கும்போது முதல் அரை நிமிடம் சில குமிழிகள் வருகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. ஸ்கிம்மரும் சுவரும் சேரும் இடத்து கேஸ்கெட்டிலிருந்து வருமோ என்று சந்தேகம். அதைப் பார்க்க நீர்மட்டத்தை ஸ்கிம்மருக்குக் கீழே இறக்க வேண்டும் என்பதால், செப்டம்பரில் குளத்தை மூடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.