லினக்ஸ் கர்னலுக்கு ஒரு குட்டி பேட்ச்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு ஒரு பேட்ச், அதாவது சிறு திருத்தம், அனுப்பினேன். நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய நெட்வொர்க் டிரைவரில் இருந்த மெமரி லீக். தொடக்கத்தில் ஒதுக்கும் பஃபர் (நினைவகத் துண்டு), நடுவில் பிழை வந்தால் விடுவிக்கப்படாமலே கிடந்தது. திருத்தம் சில வரிகள்தான். அதைக் கர்னலின் நிரல் நடைக்குக் கொண்டுவரத்தான் நேரம் பிடித்தது.

கர்னலில் உள்தள்ளல் (வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி) என்றால் டேப். ஒன்றுக்கு 8 எழுத்து அகலம். நாலு ஸ்பேஸுக்குப் பழகிய கண்ணுக்கு வரியெல்லாம் வலப்பக்கம் ஓடுவதுபோல் தோன்றும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்கைத் தாண்டினால் இடம் போதாமல் நாமே ஃபங்ஷனைப் பிரித்துவிடுவோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'கோட்டு' (goto), நிரலில் வேறொரு வரிக்கு நேரே தாவும் கட்டளை. கல்லூரியில் தொடவே கூடாது என்பார்கள். இங்கே ஒரே இடத்தில் துப்புரவு செய்து வெளியேற அதைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஒதுக்கிய வரிசைக்குத் தலைகீழாக விடுவிக்க வேண்டும். தாவிப் போகும் இடத்தைக் குறிக்கும் லேபிளுக்கு 'எர்ர்1', 'எர்ர்2' என்று பெயர் வைக்கக் கூடாது. அங்கே போனால் எது விடுவிக்கப்படும் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். என் லீக்கை அடைத்தது அப்படியொரு லேபிள்தான்.

நடை விதிகளைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை முழுக் கோப்பின்மேல் ஓட்டினால் பழைய வரிகளுக்கெல்லாம் எச்சரிக்கை கொட்டும். கை பரபரக்கும். தொடாதீர்கள். பிழைத் திருத்தத்தோடு ஸ்பேஸ் திருத்தமும் கலந்தால் எது முக்கியம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நெட்வொர்க் பகுதியில் வெறும் அழகுபடுத்தும் பேட்ச்களையே அவ்வளவாக விரும்புவதில்லை.

ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் விட்டதை, பேட்ச்சைச் சரிபார்த்த மனிதர் பிடித்தார். ஃபங்ஷனின் உள்ளூர் மாறிகளை அறிவிக்கும் வரிகளை, நீளமானது மேலேயும் குட்டையானது கீழேயுமாக அடுக்கச் சொன்னார். 'தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம்' என்பார்கள். நெட்வொர்க் பகுதிக்காரர்கள் இதில் கறார். கர்னல் முழுக்க இப்படி இல்லை. அதனால் பொது விதிகளோடு, கைவைக்கும் பகுதியின் ஆவணத்தையும் படித்துவிடுவது நல்லது. பேட்ச்சின் அடுத்த பதிப்பை அனுப்ப 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் பதிப்பில் என்ன மாறியது என்பதை பேட்ச் மின்னஞ்சலில் வரும் '---' என்ற மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுதினேன். அது கமிட் செய்தியில் (மாற்றத்தோடு நிரந்தரமாகப் பதிவாகும் விளக்கத்தில்) சேராது. பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டைச் சுட்டும் 'ஃபிக்ஸஸ்' வரியும் வைத்தேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் பேட்ச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு அதே திருத்தத்தை ஸ்டேபிள் கர்னல்களுக்கும் (ஏற்கெனவே வெளியாகி, திருத்தங்கள் மட்டும் பெறும் பதிப்புகளுக்கும்) எடுத்துக்கொண்டார்கள்.