அப்பாவுக்கு என்ன ஆச்சு தம்பி?

சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில் ஒரு பலதுறை மருந்தகத்தில் 22 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். "வீட்டில் யாருக்காவது ரத்தக்கொதிப்பு இருக்கா?" என்று தினமும் கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டது. நம் ஆட்கள் பலர் யோசிக்காமலே "இல்லக்கா" என்பார்கள். நானும் பல வருடம் அந்த "இல்லை"யை அப்படியே பதிந்து வந்தேன்.

போன வருடம் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். வயது 44. காலை ஷிஃப்டை முடித்துவிட்டு மூச்சு வாங்க வந்தவர், உட்கார்ந்ததும் கையை நீட்டினார். வந்தவுடன் ரத்த அழுத்தத்தை அளக்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொன்னேன். கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே வைக்கச் சொன்னேன். காப்பி குடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டதா என்றும் கேட்டுக்கொண்டேன். அப்புறம்தான் பட்டையைச் சுற்றினேன். 158/96. மறுபடி அளந்தால் 154/94. 140/90 வந்தாலே கவனிக்க வேண்டிய அளவு.

"தலைவலி, மயக்கம் எதுவும் இல்லையேக்கா" என்றார். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அதுதான் எனக்குப் பயமே.

வீட்டில் யாருக்கும் இல்லை என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அப்பா இருக்காரா தம்பி?"

"எனக்குப் பன்னிரண்டு வயசுலயே போயிட்டார்க்கா."

"என்ன ஆச்சு?"

"கப்பல் பட்டறையில வேலை. ஒருநாள் குளிச்சிட்டு வந்தவர் அப்படியே விழுந்துட்டார். ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு. காத்து அடிச்சிருச்சுன்னு பாட்டி சொன்னாங்க. நாலே நாள்."

"அப்ப அவருக்கு என்ன வயசு?"

"நாற்பத்தெட்டு." சொல்லிவிட்டுத் தன் கையில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கால் இழுத்துக்கொண்டது என்றால் பக்கவாதம். அதற்கு முக்கியமான காரணம் ரத்தக்கொதிப்பு. அந்த அப்பாவுக்கு அது இருந்ததா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அளந்து பார்க்காத காலத்தின் "இல்லை" அது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே மரபணுவின் வேலை இல்லை இது, பல சேர்ந்து செய்வது. அதோடு ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று அடுப்படியும் பரம்பரையாக வருகிறது. 2022இல் சிங்கப்பூரர்கள் உப்பில் இருக்கும் சோடியத்தை நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சாப்பிட்டார்கள், 2,000தான் வரம்பு. 2021-22 கணக்கெடுப்பில் பெரியவர்களில் 37 விழுக்காட்டினருக்கு ரத்தக்கொதிப்பு. 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கத்தின் நோய்த்தடுப்புத் திட்டம் 40 வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. ஆனால் இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்கள் நாற்பது வரை காத்திருக்கவே கூடாது என்பேன்.

இப்போதெல்லாம் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பதோடு நான் விடுவதில்லை. யார் இல்லை, எந்த வயதில் போனார், எப்படிப் போனார் என்றும் கேட்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அவர் ஒரு தாளோடு வந்தார். அப்பா 48. சித்தப்பா 51, நெஞ்சுவலி. "எங்க அக்கா ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடுறாங்களாம். எங்கிட்ட சொன்னதே இல்ல." தாளின் அடியில் மகள், 19 என்று எழுதியிருந்தார். அவளையும் கூட்டி வந்திருந்தார்.

நான் பட்டையை எடுப்பதற்குள், கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே வைக்கும்படி அவரே மகளிடம் சொன்னார்.