கடுகு வெடிக்கிற சத்தம்

அடுப்படியில் கடுகு வெடித்தது. எழுந்து போய் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

48 நாளாயிற்று எங்கள் வீட்டில் தாளித்து.

தண்ணீரால் வந்த மஞ்சள் காமாலை, ஹெபடைட்டிஸ் ஏ. கஞ்சி, இட்லி, மோர், மறுபடியும் கஞ்சி. விடிந்ததும் அம்மா அரைத்துத் தரும் கீழாநெல்லி வேறு.

ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபின் 11-ஐத் தாண்டியிருந்தது; இன்று 0.9. இனி எல்லாம் சாப்பிடலாம் என்றார் டாக்டர்.

தாளித்த தயிர்சாதம், தொட்டுக்கொள்ள ஒரே ஒரு மாவடு.

"மெதுவா கடிடா."

நறுக்கென்று கடித்தேன். உப்பும் புளிப்பும் காரமும் நாக்கில் ஏற ஏற, கண் கலங்கிவிட்டது. காரத்தால் இல்லை.

இதே மாவடுவை எத்தனை வருஷம் போனைப் பார்த்துக்கொண்டே தின்றிருக்கிறேன்! இன்று காம்பைக்கூடச் சப்பினேன்.

நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். அம்மாவும் இன்றைக்குத்தான் ஊறுகாய் தொட்டுக்கொள்கிறாள்.