சங்கத்துத் தியேட்டரும் ஒரு செத்த பேட்டரியும்

உறுப்பினர்களே பங்கு போட்டு நடத்தும் கூட்டுறவுத் தியேட்டரில் இயக்குநர் குழுவுக்கு நிற்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பதவிக்காலம் இப்போதுதான் முடிந்தது. கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை, அதனால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். நல்ல படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிடலாம் என்கிற ஆசையில்தான் எல்லோரும் இதில் நுழைகிறோம். உள்ளே போனபிறகு படத்தைப் பற்றிப் பேசக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. தீர்மானத்தில் என்ன வார்த்தை இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதிலேயே மாலைப் பொழுதெல்லாம் போய்விடும். இதெல்லாம் சும்மா காகித வேலை என்று நினைத்தால், அந்தக் காகிதம்தான் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் திரையை இருட்டாக்கும். எங்களுக்கு ஆக்கியது.

தேர்தலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலியிடமும் வேட்பாளரும் சமம், போட்டியின்றித் தேர்வானோம்.

முதல் தலைவலி வங்கி. பழைய குழுவின் தலைவரும் பொருளாளரும்தான் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்கள். அதில் ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். முதல் கூட்டத்திலேயே "புதிய பொறுப்பாளர்கள் வங்கிக் கணக்கை இயக்குவார்கள்" என்று தீர்மானம் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். கவுன்டரில் இருந்தவர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பெயர் இல்லையே என்றார். சரி, பெயரோடு எழுதிக்கொண்டு போனால், இருவர் சேர்ந்து போடுவதா, யாராவது ஒருவர் போட்டால் போதுமா என்று இல்லையே என்றார். அதையும் சேர்த்தால், பழையவர்களின் அதிகாரம் ரத்து என்று ஒரு வரி வேண்டுமாம். அதற்கும் பிறகு, நகலுக்குச் சான்று கொடுத்த செயலாளரே புதிதாகக் கையெழுத்துப் போடப்போகிறவர், அவருக்கு அவரே சான்று கொடுக்க முடியாது, தலைவர் கொடுக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டிருக்கலாமே! ஒவ்வொரு வார்த்தையை மாற்றவும் நாங்கள் ஒரு குழுக் கூட்டம் கூட்டியாக வேண்டும் என்பது அவருக்குப் புரியவே இல்லை, அல்லது புரிந்தும் அவருக்குக் கவலையில்லை.

கடைசியில் எங்கள் பொருளாளர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "சார், இன்னும் என்னென்ன வேணுமோ இதுல எழுதி உங்க கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுங்க, அதைத்தான் நாளைக்குக் கொண்டு வருவோம்" என்றார். கையெழுத்து என்றதும் பட்டியல் திடீரென்று சுருங்கிவிட்டது. நாலே வரி. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: பொறுப்பேற்கும் கூட்டத்துக்கு முன்பே வங்கியின் தீர்மான மாதிரியை வாங்கி வைத்துக்கொண்டு, அதை அப்படியே மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். உங்கள் சொந்த நடை அங்கே வேண்டாம்.

இது நடந்துகொண்டிருந்த காலம் முழுக்கக் கணக்கில் பணம் இருந்தது, காசோலை போட ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் பேட்டரி விவகாரம்.

டிஜிட்டல் தியேட்டரில் படம் ஓடும் விதம் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் இந்த ஒரு இடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002இல் சேர்ந்து டிசிஐ என்று ஒரு அமைப்பை உண்டாக்கி, 2005இல் முதல் விதிமுறைத் தொகுப்பை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இன்று தியேட்டர்கள் ஓடுவது அநேகமாக அந்த வழியில்தான். படம் டிசிபி என்கிற பூட்டிய தொகுப்பாக வரும். அதைத் திறக்கும் கேடிஎம், அதாவது கீ, தனியாக வரும். அந்தக் கீ தியேட்டர் பெயருக்கு வருவதில்லை, உங்கள் சர்வருக்குள் இருக்கும் மீடியா பிளாக் என்ற ஒரே ஒரு கருவியின் சான்றிதழுக்கு மட்டும்தான் வரும். அந்தக் கருவிக்குள் இருந்துகொண்டு கீயைத் திறக்கும் ரகசியச் சாவியைக் காப்பாற்றி வைத்திருப்பது ஒரு சின்ன பேட்டரி. பேட்டரி முழுசாகத் தீர்ந்தால் பாதுகாப்புக்காக அந்தச் சாவி அழிந்துவிடும். அப்புறம் புது பேட்டரி போட்டாலும் உயிர் வராது, கருவி தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

பேட்டரியை மாற்றச் சொல்லி பராமரிப்புக்காரர் பழைய குழுவின் காலத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் ஒரு கோப்பில் மின்சார பில்களுக்கு நடுவே இருந்தது. ஆபரேட்டர்தான் நினைவுபடுத்தினார். உடனே வாங்கலாமே என்றால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் எந்தச் செலவுக்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்கிறது துணைவிதி, சர்வீஸ் கட்டணமும் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. கூட்டம் கூட்டினால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லை: ஒருவர் ராஜினாமா, ஒருவருக்கு உடம்பு சரியில்லை, இன்னொருவர் வருகிறேன் வருகிறேன் என்று வரவே இல்லை. மின்னஞ்சலில் எல்லோரிடமும் சம்மதம் வாங்கலாம் என்றால், சுற்றறிக்கை மூலம் தீர்மானம் போட எங்கள் துணைவிதியில் இடமே இல்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு வழியாக ஒப்புதல் கிடைத்தது. அப்போது பார்த்தால் வங்கியில் கையெழுத்து மாறவில்லை. பராமரிப்பு நிறுவனமோ பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் ஆள் அனுப்புவோம் என்று உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சர்வரைப் போட்டால் படம் திறக்கவில்லை. முந்தைய நாளே ஏற்றி வைத்த டிசிபி அப்படியே பத்திரமாக இருக்கிறது, கீயும் இருக்கிறது, திறக்க வேண்டிய கருவி மட்டும் செத்துப்போய்விட்டது. தலைவர் சொந்தப் பொறுப்பில் பேசி இரவலாக ஒரு மீடியா பிளாக் வரவழைத்தார். மாட்டினோம். அது வேறு சீரியல் எண், வேறு சான்றிதழ். கையில் இருந்த கீ ஒன்றும் அதற்குச் செல்லாது.

இங்கேதான் உண்மையான கூத்து. விநியோகஸ்தர் அலுவலகத்துக்குப் போன் போட்டால் "உங்க தியேட்டருக்குக் கீ அனுப்பியாச்சே" என்ற ஒரே பதில். கருவி மாறிவிட்டது என்றால், அதைக் கீ தயாரிக்கும் லேபில் சொல்லுங்கள் என்றார்கள். லேபில் கேட்டால், தியேட்டர் சொன்னால் மாற்ற முடியாது, விநியோகஸ்தர்தான் கோரிக்கை அனுப்ப வேண்டும். மறுபடி விநியோகஸ்தர்: புதுச் சான்றிதழை லேபுக்கு அனுப்பிவிட்டீர்களா? இப்படியே மதியம் வரை பந்து உருண்டது. தயவுசெய்து இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கருவி மாறினால் விநியோகஸ்தர், லேப் இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சலில், பழைய சீரியல் எண், புதிய சீரியல் எண், சான்றிதழ்க் கோப்பு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

சாயங்காலம் புதுக் கீ வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்ட நேரத்தில் எங்கள் ஆபரேட்டர் மட்டும் அதை மடிக்கணினியில் திறந்து படித்தார். கேடிஎம் என்பது சின்ன எக்ஸ்எம்எல் கோப்புதான், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்பது நோட்பேடில் திறந்தாலே கண்ணுக்குத் தெரியும். ஆரம்ப நேரத்துக்குப் பின்னால் +00:00 என்று இருந்தது. உள்ளூர் நேரத்துக்குப் பதிலாக உலகப் பொது நேரத்தைப் போட்டுவிட்டார்கள். எங்கள் கடிகாரப்படி கடைசிக் காட்சி முடிந்த பிறகுதான் அந்தக் கீ வேலை செய்ய ஆரம்பிக்கும். குழுவில் ஒருவர், சர்வர் கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன என்று கேட்டார். ஆபரேட்டர் சிரிக்கவில்லை, பாவம். அந்தக் கடிகாரத்தை ஒரு ஆண்டில் மொத்தமே 6 நிமிடம்தான் திருத்த முடியும், டிசிஐ விதியே அப்படி. திருத்திய கீ வந்து சேர்ந்தபோது கடைசிக் காட்சிக்கு மட்டும்தான் நேரம் இருந்தது. மற்ற காட்சிகளுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். டிக்கெட் கவுன்டரில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டது இயக்குநர்கள்தான். சம்பள வேலைக்காரர்களைத் திட்டு வாங்க விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தோம்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிசிபி வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதப்பட்டிருக்கும். யாராவது ஆர்வக்கோளாறில் அதை விண்டோஸ் கணினியில் செருகினால் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். தொண்டர்கள் நுழையும் அறையில் டிஸ்க்கை வைக்காதீர்கள்.

இதற்குப் பிறகு துணைவிதியைத் திருத்தியே தீர வேண்டும் என்று முடிவெடுத்து, மின்னஞ்சல் தீர்மானத்துக்கும் அவசரச் செலவுக்கும் வழி செய்யச் சிறப்புப் பொதுக்குழு கூட்டினோம். அதுவும் முதல் தடவை வீண். நோட்டீஸ் காலத்தைக் கணக்கிடும்போது அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் சேர்க்கக்கூடாது என்று எங்கள் விதியில் இருக்கிறது. நோட்டீஸ் அடித்த அலுவலகம் இரண்டையும் சேர்த்துவிட்டது. ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து அதைச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி, அதனால் கலைந்தோம். எரிச்சலாக இருந்தது, ஆனால் அவரைப் போன்ற ஒருவர் இல்லாமல் போயிருந்தால், பின்னால் யாராவது வழக்குப் போட்டுத் திருத்தம் மொத்தமும் செல்லாமல் ஆகியிருக்கும்.

இரண்டாவது சிக்கல் கோரம். எங்கள் விதிப்படி உறுப்பினர் எண்ணிக்கையில் குறிப்பிட்ட ஒரு விழுக்காட்டினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பட்டியலைப் பார்த்தால் அதில் காலமானவர்கள் இருக்கிறார்கள், ஒரே ஆள் இரண்டு முகவரியில் இருக்கிறார், பல ஆண்டுகளாக எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இறந்தவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், கோரத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே இருப்பார்கள். குடும்பத்தாரிடம் பேசி, வாரிசுக்குப் பங்கை மாற்றி, பட்டியலைச் சுத்தம் செய்தது நாங்கள் செய்த வேலையிலேயே உருப்படியானது என்பேன். அந்தப் போன்களில் பாதி, அப்பா இந்தத் தியேட்டரில் எந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்பதில்தான் போய் முடியும். அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

கூட்டத்தில் ஒரு சத்தமும் வந்தது. நிறையப் பங்கு வைத்திருக்கும் ஒருவர், எனக்கும் ஒரு ஓட்டு, ஒரே ஒரு பங்கு வாங்கிய மாணவனுக்கும் ஒரு ஓட்டா என்றார். ஆமாம், அதுதான் கூட்டுறவு. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் நெசவாளர்கள் கடை ஆரம்பித்த காலத்து வழக்கம் அது. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளிலும் இருக்கிறது. பங்கு விற்கும்போதே இதை விண்ணப்பத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்துவிடுங்கள், கூட்டத்தில் பாடம் நடத்தும் வேலை மிச்சம். திருத்தம் நிறைவேறியது.

படத் தேர்வா? அதைப் பற்றியும் கேட்பீர்கள். எங்களுடையது ஒரே திரை. பெரிய படத்தைக் கேட்டால் விநியோகஸ்தர் வசூலில் பெரிய பங்கு கேட்பார், அதுவும் முதல் வாரம் இன்னும் கூடுதல். எல்லாக் காட்சியும் அதே படம்தான், இத்தனை வாரத்துக்குத் திரையை விட்டுத் தூக்கக்கூடாது என்பார். ஒப்புக்கொண்டால் உறுப்பினர்கள் "இதுக்கா சங்கம் வெச்சோம்" என்பார்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் ஏசி பில் கட்ட வழியில்லை. நாங்கள் கண்ட வழி: இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எடுப்பது. பங்கு குறையும், காட்சி நேரத்தில் பேரம் பேசலாம், மதியக் காட்சியைச் சின்னப் படங்களுக்கு விடலாம். கூட்டம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் கையில் நிற்பது பெரிதாகக் குறையவில்லை. பேசியதை அன்றைக்கே எழுத்தில் வாங்கிவிடுங்கள், போனில் சொன்ன விழுக்காடு பில்லில் வேறாக வரும்.

கேன்டீன் ஒப்பந்தம் வந்தபோது ஒரு இயக்குநரின் உறவினரும் விண்ணப்பித்திருந்தார். அந்த இயக்குநர் தானாகவே எழுந்து வெளியே போனார், நல்ல மனிதர். ஆனால் அவர் வெளியே போனதும் திரும்பி வந்ததும் மினிட்ஸில் ஏறியிருந்ததால்தான் தணிக்கையாளர் கேட்டபோது வாயடைக்க முடிந்தது. நடந்தது போதாது, எழுதியிருக்க வேண்டும். இயக்குநர்களுக்கான காப்பீடு சங்கத்தில் இருக்கிறதா, அது சம்பளமில்லாத இயக்குநர்களையும் சேர்க்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள். எங்களிடம் இருந்தது, ஆனால் பிரீமியம் தேதி யாருக்கும் நினைவில் இல்லை.

போன மாதம் புதுக் குழு பொறுப்பேற்றது. வங்கி மாதிரியில் தீர்மானத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்தோம். பழைய கையெழுத்துக்காரர்கள் விலகல் கடிதத்தைத் தேதி மட்டும் விட்டுக் கையெழுத்திட்டுத் தயாராக வைத்திருந்தோம். அதே கவுன்டர், அதே ஆள். முழுவதும் படித்துவிட்டு முத்திரை குத்தினார், ஒரு கேள்வி இல்லை. மீடியா பிளாக் பேட்டரியை அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பதை சர்வர் கதவில் பெரிதாக ஒட்டியிருக்கிறோம், புதுக் குழுவின் இரண்டாவது கூட்ட நிகழ்ச்சி நிரலிலும் ஏற்றியாகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு யார் யார் வருவார்கள் என்று இப்போதே போன் போட்டுக் கேட்டு வைக்கும்படி புதுச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.