தேர்முட்டிக்குப் பக்கத்துக் கடையும் மஞ்சள் பை பென்டிரைவும்

2023 மதுரைச் சித்திரைத் திருவிழா. தேரோட்டத்துக்கு மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு போன். "தம்பி, டேலியில கம்பெனி பேரே வரல. கொஞ்சம் வந்துட்டுப் போங்க." கீழமாசி வீதியில் தேர்முட்டிக்குப் பக்கத்தில் உள்ள மொத்த வியாபாரக் கடை அது. வற்றல், மல்லி, பருப்பு. அங்கே இருக்கும் ஏழு கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வது நான்தான்.

கடைக் கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டரைத் திறந்தேன். .1800 என்று முடிய வேண்டிய ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் புரியாத நான்கு எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் கோப்பு. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பிட்காயின் அனுப்பினால் சாவி தருவோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ரான்சம்வேர்: கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். மேலும் பரவாமல் இருக்க, கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து லேன் கேபிள்களை எல்லாம் உருவிப் போட்டேன். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

"பேக்கப் இருக்குல்ல தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார்.

சர்வருக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் செருகியிருந்தது. தினமும் இரவு 11 மணிக்குத் தானாகவே நகல் எடுக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அதைச் செருகி வைத்ததும் நான்தான். அன்றிலிருந்து யாரும் அதைக் கழற்றவே இல்லை. உள்ளே வந்தவனுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். அதையும் பூட்டியிருந்தான். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருந்த பழைய நகல்களான ஷேடோ காப்பிகளையும் அழித்திருந்தான். "இருந்துச்சு அண்ணாச்சி" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

வந்த வழியைத் தேடினேன். அண்ணாச்சியின் மகன் கே.கே. நகர் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து விட்டிருந்தார்கள். வேறோர் இடத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல் அது. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 4625 என்ற எண்ணில் பதிவுகள் பக்கம் பக்கமாக ஓடின. ஒவ்வொன்றும் ஒரு தோற்றுப்போன லாகின் முயற்சி. அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், யூசர் என்று பெயரை மாற்றி மாற்றி நாள்கணக்கில் தட்டியிருக்கிறான். தேரோட்டத்தன்று அதிகாலையில் ஒரு 4624, அதாவது வெற்றி பெற்ற லாகின். கதவு திறந்துவிட்டது. கடைப்பெயரோடு 123 சேர்த்ததுதான் பாஸ்வேர்டு. தேருக்காக மாசி வீதிகள் முழுக்கக் கூட்டம் நிற்க, அடைத்த கடைக்குள் சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லாத விடுமுறை நாளாகப் பார்த்து வேலையைக் காட்டுவது இவர்கள் வழக்கம்.

பணத்தைக் கொடுத்துவிடலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். வாங்கிக்கொண்டு சாவி தருவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கொடுக்கிற கடை என்று தெரிந்தால் மறுபடியும் வருவான். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லி, சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தோம். நிறுவனங்கள் இப்படிப்பட்ட தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லிருந்தே விதி இருக்கிறது, அதையும் செய்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் இலவசச் சாவி கிடைக்குமா என்று பார்த்தேன். இந்த வகைக்கு இல்லை. ஆனாலும் பூட்டிய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் எடுத்து வைத்திருக்கிறேன். சில வகைகளுக்குப் பல வருடம் கழித்துக்கூடச் சாவி வந்திருக்கிறது.

மத்தியானம் கணக்குப்பிள்ளை ஐயா வந்தார். எழுபதை நெருங்குகிற மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பீரோவைத் திறந்து பேரேடுகளுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். உள்ளே நூல் கட்டிய ஒரு பென்டிரைவ். வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டி முடித்ததும் டேலி ஃபோல்டரை அதில் நகல் எடுத்து, கழற்றி, உள்ளே வைத்துப் பூட்டுவாராம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முந்தைய வெள்ளி ஊரில் இல்லாததால் அதில் இருந்தது ஏப்ரல் 21 வரைக்கும். என் லேப்டாப்பில் அதைத் திறந்து பேலன்ஸ் ஷீட் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மீதிப் பத்து நாளைக் கார்பன் பில் புத்தகத்திலிருந்து மூன்று பேர் உட்கார்ந்து தட்டினோம். சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் பட்டியலோடு ஒப்பிட்டதில் விடுபட்ட இரண்டு பில்கள் சிக்கின. மே 11-க்குள் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போய்விட்டது. கொள்முதல் பக்கத்தை 14-ஆம் தேதி 2பி என்ற ஜிஎஸ்டி கொள்முதல் பட்டியல் வந்ததும் சரிபார்த்தோம்.

இப்போது அந்தக் கடையில் 3389 மூடியிருக்கிறது. மகன் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக, போனில் வரும் ஓடிபியைப் போட்டுத்தான் உள்ளே வர முடியும். பில் போடும் பையன்கள் யாருக்கும் அட்மின் உரிமை கிடையாது. சிசிடிவி பெட்டியைத் தனி நெட்வொர்க்கில் போட்டுவிட்டேன், பெரும்பாலும் யாரும் அப்டேட் செய்யாத சாமான் அது. கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி முறையின் பழைய முதல் பதிப்பை எல்லா மெஷினிலும் அணைத்தேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான அப்டேட்டை மார்ச்சிலேயே கொடுத்திருந்தும், போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன.

ஆனால் எனக்கு இதையெல்லாம்விட முக்கியம் அந்த இரண்டு டிஸ்க்குகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நகல் எடுக்கும் நேரம் மட்டும் செருகுவது, முடிந்ததும் கழற்றுவது. எந்த நேரமும் ஒன்று கடைப் பீரோவில், மற்றது அண்ணாச்சி வீட்டில். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு பழைய லேப்டாப்பில் அந்த நகலை ஏற்றி, டேலியைத் திறந்து, சரக்கு இருப்பைக் கடைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். போன மாதம் நீல டிஸ்க் பாதியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கே டவுன்ஹால் ரோட்டில் புதிது வாங்கினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐயாவிடமிருந்து போன் வரும். "தம்பி, சிவப்பு வீட்டுக்குப் போகுது." சரிங்கய்யா என்பேன். வைத்துவிடுவார். மஞ்சள் பையும் அப்படியே பீரோவில்தான் இருக்கிறது.