வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் வேலை

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களின் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானதும், அனுப்பத் தயாராக இருந்த மேசை விரிப்புகளும் சமையலறைத் துண்டுகளும் கிடங்கிலேயே தங்கிவிட்டன. செப்டம்பர் முதல் வாரத்தில், அலுவலகத்தில் இருந்த ஒன்பது பேரில் நான்கு பேரிடம் "ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம், அதுவரை வீட்டில் இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். வேலையிலிருந்து நீக்கவில்லை, சம்பளமும் இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போனார்கள், அவர்களுடைய வேலை போகவில்லை. அதில் பெரும்பகுதி என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஆர்டர் குறைந்தால் வேலையும் குறைந்துவிடுமே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். தையல் பிரிவில் அது உண்மை. அலுவலகத்தில் அப்படியில்லை. மாதம் ஒரு கண்டெய்னர் போனாலும் பத்து கண்டெய்னர் போனாலும் ஜிஎஸ்டி கணக்குக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இரண்டுக்கும் 15ஆம் தேதியும் கெடு நாளாக வந்தே தீரும். ஆர்டர் ரத்தாகும் மாதத்தில் விலையைக் குறைக்கச் சொல்லும் கடிதங்களுக்குப் பதில், வங்கிக்கு விளக்கம், நூல் வாங்கிய இடத்தில் தவணை கேட்பது என்று எழுத்து வேலை கூடவே செய்கிறது.

பி.எஃப். வேலையைப் பார்த்துவந்த அக்கா, பச்சை அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆதாரில் ஓர் எழுத்தும் பி.எஃப். கணக்கில் வேறோர் எழுத்துமாக இருக்கும் பெயர்கள், பிறந்த தேதி ஒத்துப்போகாதவர்கள், பழைய கம்பெனியில் வாங்கிய எண்ணோடு இரண்டு யு.ஏ.என். (ஒருவருக்கு ஒன்றே இருக்கவேண்டிய பி.எஃப். அடையாள எண்) வைத்திருக்கும் பேக்கிங் ஆள்கள் என எல்லாவற்றையும் அதில் பென்சிலால் எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் சரியானதும் அழித்துவிடுவார். அழித்த இடங்கள் மட்டும் தாளில் மெலிந்து தெரிந்தன. பதினான்கு ஆண்டுகளில் அவர் மனத்தில் சேர்ந்திருந்ததில் கால்வாசிகூட அந்த நோட்டில் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு, மறுநாள் கட்டவேண்டிய பணத்துக்கான கணக்கு ஏறாமல் நின்றதால், வேறு வழியின்றி அவரை அழைத்தேன். பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அக்கம்பக்கத்தாருக்கு மாவு அரைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். "பரவால்ல கண்ணு, கேளு" என்று கிரைண்டரை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் பதினொரு மணிக்குள் பணம் கட்டியாயிற்று. "பார்த்தீங்களா, சமாளிச்சுட்டோமே" என்றார் மேலாளர். அந்த நாற்பது நிமிடம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இந்த ஏற்பாடு நியாயமா என்ற கேள்வியை அந்த வார்த்தைதான் எனக்குள் கிளப்பியது. சம்பளம் வாங்கும் நான் இரவு எட்டு மணிவரை உட்காரவேண்டியிருப்பதைக் குறையாகச் சொல்ல வாய் வரவில்லை. வேலை இருப்பதே பெரிது என்று வீட்டிலும் சொல்கிறார்கள். ஆனாலும் தையல் பிரிவில் ஒருவர் நாளுக்கு ஒன்பது மணி நேரத்தைத் தாண்டினால் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி இரட்டிப்புக் கூலி கணக்கிட்டுவந்த எங்கள் நிறுவனம், மேசைக்கு முன்னால் கழியும் கூடுதல் நேரத்தை 'அட்ஜஸ்ட்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. இது எனக்கு இழைக்கப்படும் அநியாயம். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு: நான் நன்றாகச் சமாளிக்கச் சமாளிக்க, அக்கா இல்லாமலே நடக்கும் என்பதற்கு நானே சாட்சியாகிறேன். 2020 ஊரடங்கின்போது இதே அலுவலகத்தில் ஆறு பேரை இப்படித்தான் அனுப்பினார்கள். நான்கு பேரைத்தான் திரும்ப அழைத்தார்கள். அழைக்கப்படாத இருவரில் ஒருவருடைய ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறைக்குத் தரும் ஆவணம்) வேலையை அப்போது கற்றுக்கொண்டவள் நான். கற்றுக்கொண்டதற்காக அன்று பெருமைப்பட்டேன். இன்று அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம், 1947, இப்படித் தற்காலிகமாக வேலை கொடுக்கப்படாதவருக்கு, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைத் தரச் சொன்னது. ஆனால் ஐம்பது பேருக்குக் குறைவாக உள்ள ஆலைகளை அது விட்டுவிட்டது. நெசவை வெளியே கூலிக்குக் கொடுத்துவிடும் எங்களைப் போன்ற இடங்களில் பதிவேட்டில் நாற்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். பிரிட்டனில் 2020-21இல் அரசு ஒரு திட்டத்தின் கீழ், வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டவர்களின் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்போடு கொடுத்தது; அப்படி விடுப்பில் இருக்கும் நேரத்தில் அவர்கள் தம் நிறுவனத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. பணத்தைவிட அந்த நிபந்தனைதான் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. அதன்படி பார்த்தால் ஞாயிறு இரவு நான் அக்காவை அழைத்தே இருக்கக் கூடாது.

அக்டோபர் முதல் வாரத்தில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீட்டில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்டால் அந்த நாளுக்கு அரைநாள் சம்பளம் தரவேண்டும், நாங்கள் பார்க்கும் கூடுதல் வேலையை அந்தந்த வேலைக்கு உரியவர் பெயரிலேயே பதியவேண்டும், திரும்ப அழைப்பதற்கு ஒரு தேதி சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தேன். அரைநாள் சம்பளத்துக்கு மட்டும் சம்மதித்தார்கள். தேதியைப் பற்றிக் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். பதிவேட்டை நானே போட்டுக்கொண்டேன்.

இந்த மாதம் பி.எஃப். கணக்குக்காக அக்காவைப் பகல் பதினொரு மணிக்கு, அலுவலகத் தொலைபேசியிலிருந்தே அழைத்தேன். நேரத்தைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னேன்.

"இதையெல்லாமா எழுதுவ?" என்றார்.

"ஆமாங்க்கா, உங்க பேர்லதான்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கிரைண்டர் நிற்கும் சத்தம் கேட்டது. நோட்டில் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.